வாதாடிய நாவும் தீர்ப்பெழுதிய கையும்

திருக்குறளின் அறத்துப்பாலில் 'செய்ந்நன்றி அறிதல்' என்னும் அதிகாரத்தை அடுத்து 'நடுவு நிலைமை' என்னும் அதிகாரம் நிற்கின்றது. இவ்வைப்பு முறைக்குப் பரிமேலழகர் காட்டும் காரணம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. தமக்கு நன்மை செய்தாரை நினைக்குமிடத்து ஒருவரது நடுவுநிலை சிதைந்துவிடுதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதனை உணர்த்தவே அவ்வதிகாரம் நன்றியின் பின் வைக்கப்பெற்றது என்பது அவர் கருத்து. நன்றி ஓர் அறம். நடுவுநிலை மற்றோர் அறம். ஓர் அறமே மற்றோர் அறத்திற்கு இடையூறாகும் இடம் ஒன்று உண்டு என்பதை நம் முன்னோர் கண்டுணர்ந்திருந்தனர்.

அவ்விடங்களில் தலையாயது நீதிபதியின் இருக்கையாகும். எந்த நீதிபதியும் வானத்திலிருந்து இறங்கி வந்து அவ்விருக்கையில் அமர்வதில்லை. அவர் ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஒரு சமுதாயத்தில் வளர்ந்தவர். யாரோ ஒருவர் பொருளுதவியால் படித்தவர். யாரோ ஒருவர் பரிந்துரையால் பதவி பெற்றவர். பல்லாண்டுகள் ஒரு பக்கம் நின்று வாதாடியவர். இத்தனை கடன்களையும் சுமந்து வருபவர் இரு பக்கத்தையும் ஒப்ப நோக்குவார் என நாம் எவ்வாறு நம்புவது? தம் மக்களின் உரிமைக்காகப் போராடிய ஒருவர், பின்னர் எல்லார்க்கும் பொதுவான நீதிபதியாக இருத்தல் இயலுமா? இவ்வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கூட்டாட்சி விசாரணை நீதிபதி ஒருவருடைய வாழ்க்கையை முன்வைத்து ஆராய விழைகின்றோம். அவர் பெயர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி. இயலும் என்பதே நம் கருத்து. எனினும் அக்கருத்தைச் சான்று காட்டி நிறுவுதல் நம் கடமையாகும்.

பதவியின் இயல்பு

அமெரிக்காவில் மாநிலங்களுக்கென நீதிமன்றங்களும், நடுவண் அரசுக்கென நீதிமன்றங்களும் தனித்தனியே இயங்குகின்றன. நடுவண் அரசின் நீதிமன்ற அமைப்பில் அடித்தளமாக விளங்குபவை மாவட்ட நீதிமன்றங்கள். நாடு முழுவதும் இவை 94 உள்ளன. இவற்றின் மேல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களும், அனைத்திற்கும் மேலாக உச்ச நீதிமன்றமும் உள்ளன. அங்கே மாவட்ட நீதிபதி எனப்படுபவரை நம் நாட்டு மாவட்ட நீதிபதியோடு ஒப்பிட்டுக் குழம்புதல் கூடாது. அவர் தேர்வெழுதிப் பணியில் சேர்ந்து படிப்படியாக உயர்பவர் அல்லர். குடியரசுத் தலைவர் அவரைப் பெயர் குறித்து முன்மொழிவார். செனட் சபை ஆராய்ந்து ஒப்புதல் அளிக்கும். அதன் பின்னரே அவர் பதவியேற்பார்.

அந்நாட்டு அரசியலமைப்புச் சட்டம் இப்பதவிக்கெனக் குறைந்த அளவு வயதையோ, பட்டத்தையோ, இத்தனை ஆண்டு வழக்குரைஞர் பணி வேண்டும் என்பதையோ வகுத்துரைக்கவில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். ஆனால் வழக்கத்தில் ஒரு பாதை உருவாகியிருக்கின்றது. முதற்பட்டம் பெற்றபின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. பின்னர் ஒரு நீதிபதியிடம் உதவியாளராக ஓரிரு ஆண்டுகள். அதன்பின் அரசு வழக்குரைஞர் பணி அல்லது பெருநகரத்து வழக்குரைஞர் நிறுவனத்தில் பங்காளர் நிலை. சிலருக்கு மாநில நீதிபதிப் பதவி. இவ்வழியே வந்தோரே மிகுதி. ஏழைகளின் பொருட்டும் உரிமை இழந்தோரின் பொருட்டும் வாதாடியவர்கள் அவ்விருக்கைக்கு வருதல் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

பதவியேற்ற பின்னர் அவர் அடையும் காப்பு மிகப் பெரிது. நன்னடத்தை உள்ளவரை, அதாவது வாழ்நாள் முழுதும், அவரைப் பதவியிலிருந்து நீக்க இயலாது. அவரது ஊதியத்தையும் குறைக்க இயலாது. நாடாளுமன்றத்தின் கீழவை குற்றம் சாட்டிச் செனட் சபை விசாரித்துத் தண்டித்தால் மட்டுமே அவர் பதவி இழப்பார். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் இவ்வாறு நீக்கப்பெற்ற கூட்டாட்சி நீதிபதிகள் எண்மரே. தம்மை நியமித்த குடியரசுத் தலைவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தாலும் அவரை யாரும் ஒன்றும் செய்ய இயலாது. பரிமேலழகர் சுட்டிய இடர்ப்பாட்டிற்கு அந்நாட்டார் கண்ட மருந்து இது எனலாம். பதவி தந்தவரிடம் மேலும் பெறுவதற்கோ அவரிடம் இழப்பதற்கோ ஏதுமில்லை எனும்போது, நன்றி நெஞ்சில் நிற்கலாம். தீர்ப்பில் நிற்க வேண்டுவதில்லை.

வளர்ந்த வழி

கான்ஸ்டன்ஸ் பேக்கர் 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் பிறந்தார். பெற்றோர் கரீபியக் கடலின் நெவிஸ் தீவிலிருந்து குடியேறியவர்கள். பன்னிரண்டு மக்களுள் இவர் ஒன்பதாமவர். தந்தையார் யேல் பல்கலைக்கழக மாணவர் கழகங்களில் சமையற்காரராகப் பணியாற்றினார். உலகப் புகழ் பெற்ற பல்கலைக்கழகம் வீட்டருகே இருந்தும், அதன் அடுக்களையோடு மட்டுமே அக்குடும்பத்திற்கு உறவு இருந்தது. பள்ளியில் சிறந்து விளங்கிய கான்ஸ்டன்ஸைக் கல்லூரிக்கு அனுப்பக் குடும்பத்தில் பொருள் இல்லை.

இந்நிலையில் நிகழ்ந்த ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. அந்நகரில் கறுப்பின மக்களுக்கென நிறுவப்பட்ட டிக்ஸ்வெல் சமுதாய மன்றத்தை அம்மக்கள் ஏன் மிகுதியாகப் பயன்படுத்துவதில்லை என ஆராயக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. மன்றத்தை நடத்துவதில் அம்மக்களுக்கு எவ்விதப் பங்கும் தரப்படாமையே காரணம் என்று அவ்விளம்பெண் எழுந்து அஞ்சாது கூறினார். அம்மன்றத்திற்குப் பெரும்பொருள் உதவியிருந்த கிளாரன்ஸ் பிளேக்ஸ்லி என்னும் வெள்ளையின வணிகர் அதனைக் கேட்டிருந்தார். அவர் சினம் கொள்ளவில்லை. அப்பெண்ணை அழைத்துப் பேசி, அவர் விரும்பும் வரையில் படிப்புச் செலவு முழுதையும் தாமே ஏற்பதாக உறுதி கூறினார். தம் கொடையைக் குறை கூறிய நாவினையே கற்பித்து வளர்த்த அவ்வள்ளன்மை போற்றத்தக்கது. கல்வி நிறுவனங்களைக் கட்டிக்காக்கும் பெரியோர்கள் இதனைச் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் நலம். உதவி பெறுபவர் வாய்மூடியிருத்தலே நன்றி என்று அவர் கருதவில்லை.

1941இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த கான்ஸ்டன்ஸ், பின் நியூயார்க் பல்கலைக்கழகத்திற்கு மாறி 1943இல் பொருளியலில் பட்டம் பெற்றார். 1946இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ஜோயல் மோட்லியை மணந்தார். படிக்கும்பொழுதே, 1945இல், கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளை நடத்தி வந்த சட்டப் பாதுகாப்பு நிதியத்தில் தர்குட் மார்ஷலின் கீழ் உதவியாளராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான மார்ஷல், பெண் என்று ஒதுக்காது அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். அந்நிதியத்தில் பணியாற்றிய முதற் பெண் வழக்குரைஞர் மோட்லியே.

வாதாடிய இருபது ஆண்டுகள்

பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிரவுன் வழக்கின் முதல் மனுவை வரைந்தவர் மோட்லி. 1949இல், ஆசிரியர் ஊதியத்தில் இன வேற்றுமை காட்டப்படுவதை எதிர்த்த வழக்கிற்காக மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகருக்கு அவர் சென்றபொழுது, கறுப்பின வழக்குரைஞர் ஒருவர், அதிலும் ஒரு பெண், நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதிடுவதைக் காண மக்கள் திரண்டனர். தென்மாநிலச் செய்தித்தாள்கள் சில அவர் பெயரோடு மதிப்புச் சொல் சேர்ப்பதற்கும் மனமின்றி எழுதின.

அவ்வாண்டுகளின் பெருவழக்கு ஜேம்ஸ் மெரிடித்தின் வழக்காகும். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் எவரும் சேர்க்கப்பட்டதில்லை. 1961இல் மெரிடித் விண்ணப்பித்தார், மறுக்கப்பட்டார். வழக்கு கூட்டாட்சி மாவட்ட நீதிபதி சிட்னி மைஸ் முன் வந்தது. விசாரணை பலமுறை ஒத்திவைக்கப்பட்டது. இறுதியில், இனத்தின் காரணமாக அவர் மறுக்கப்படவில்லை என்று அந்நீதிபதி தீர்ப்பளித்தார். ஊரார் அனைவரும் அறிந்த உண்மை ஒன்று, நீதிமன்றத்தின் உள்ளே மட்டும் மெய்ப்பிக்கப்படாததாயிற்று! மோட்லி மேல்முறையீடு செய்தார். 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பெருங் கலவரத்திற்கிடையே, இருவர் உயிரிழந்த இரவினை அடுத்து, அக்டோபர் முதல் நாள் மெரிடித் பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைத்தார். இவ்வழக்கில் மோட்லிக்கு ஜாக்சனில் துணை நின்ற மெட்கர் எவர்ஸ், 1963 ஜூன் மாதம் தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் வாதிட்ட முதல் கறுப்பினப் பெண்ணும் மோட்லியே. ஆங்கு அவர் வாதிட்ட வழக்குகள் பத்து, வென்றவை ஒன்பது. தோற்ற ஒன்று 1965ஆம் ஆண்டின் ஸ்வெய்ன் வழக்கு. ஜூரிமாரைத் தெரிவு செய்யுங்கால் அரசுத் தரப்பு கறுப்பினத்தாரைக் காரணமின்றி விலக்குவதைப் பற்றியது அது. அவ்வழக்கில் கூறப்பட்ட கடுமையான மெய்ப்பிப்பு விதியை உச்ச நீதிமன்றமே 1986இல் பாட்சன் வழக்கில் கைவிட்டது. தோற்ற வாதமும் இருபத்தோராண்டு கழித்து வென்றது.

ஒரு விசாரணை நீதிபதிக்கு இப்பயிற்சியினும் சிறந்தது வேறு யாதாக இருத்தல் கூடும்? ஒரு வழக்கை ஒத்திவைத்தல் என்பது நாட்குறிப்பில் எழுதும் ஒரு வரி மட்டுமன்று, ஒரு மாணவனின் ஓராண்டு என்பதை அவர் கண்டிருந்தார். சாட்சி சொல்ல வருபவர் மாலையில் வீடு திரும்புகையில் என்ன அஞ்சுகிறார் என்பதை அறிந்திருந்தார். நீதிபதி ஒருவர் கண்முன் நிற்கும் உண்மையைக் காண மறுக்கும்போது சட்டம் முழுதும் எவ்வாறு வெறுங் காகிதமாகிறது என்பதையும் பட்டறிந்திருந்தார். ஆராயாது அளித்த தீர்ப்பினால் ஒரு கோநகரமே எரிந்த கதையைக் காப்பியமாகப் பாடிய மொழி நம்முடையது. பாண்டியன் கொடியவன் அல்லன்; விசாரணை செய்யாதவன். முதல் விசாரணையில் நிகழும் பிழை எத்துணைப் பெரிது என்பதை நமக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

ஏழு மாதக் காத்திருப்பு

1964இல் மோட்லி நியூயார்க் மாநிலச் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1965இல் மன்ஹாட்டன் நகர்ப்பகுதியின் தலைவரானார். 1966 ஜனவரியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், நியூயார்க் தென்பகுதி மாவட்ட நீதிமன்ற நீதிபதியாக அவரை முன்மொழிந்தார். பெரு வணிக நிறுவனங்களின் வழக்குகள் குவியும் நீதிமன்றம் அது. நாட்டின் பழமையான நீதிமன்றங்களுள் ஒன்றும் ஆகும்.

செனட் சபையின் நீதிக்குழுத் தலைவராக அப்போது வீற்றிருந்தவர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட். மிசிசிப்பி மாநிலத்தின் உறுப்பினர். எந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தின் வாயிலை மோட்லி திறந்து வைத்தாரோ அம்மாநிலத்துக்காரரிடமே அவருடைய பெயர் ஒப்புதலுக்குச் சென்றது! பொதுவுடைமையாளர்களோடு தொடர்புடையவர் என்ற பழி அவர்மீது சுமத்தப்பட்டது. ஏழு மாதங்கள் கழிந்தன. ஆகஸ்ட் 30ஆம் நாள் செனட் சபை ஒப்புதல் அளித்தது. அந்நாட்டின் கூட்டாட்சி நீதிபதிகளாகப் பொறுப்பேற்ற கறுப்பினப் பெண்களுள் அவரே முதல்வர்.

ஆராய்ந்து தெளிந்த பின்னரே ஒருவரைப் பணியில் அமர்த்துக என்பது வள்ளுவர் நெறி. தெரிந்து தெளிதலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்தவர் அவர். ஆகவே செனட் சபை ஆராய்தலைக் குறை கூறுவோமல்லோம். ஆராய்தல் வேறு, அலைக்கழித்தல் வேறு. ஒருவருடைய அறிவையும் நேர்மையையும் பொறுமையையும் சோதிப்பது ஆராய்தல். அவர் யாருக்காக வாதாடினார் என்பதையே குற்றமாக்குவது அலைக்கழித்தல். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதிடுபவர் கொலையை ஆதரிப்பவர் ஆகார். அவ்வாறிருக்கப் பள்ளிக்கூட வாயிலில் நிறுத்தப்பட்ட சிறுவனுக்காக வாதிட்டவர் எவ்வாறு நடுநிலை தவறியவர் ஆவார்?

நடுநிலை பற்றிய வழக்கு

மோட்லி நீதிபதியாகி ஒன்பதாண்டு கழிந்தபின் இவ்வினா அவர் முன்னிலையிலேயே ஒரு மனுவாக வந்தது. பெண்களுக்கு வேலை தருவதில் வேற்றுமை காட்டுவதாக நியூயார்க்கின் பெரிய வழக்குரைஞர் நிறுவனம் ஒன்றின்மீது பெண் ஒருவர் தொடுத்த வழக்கு 1975இல் அவரிடம் வந்தது. மோட்லி தாமும் ஒரு பெண். வழக்குரைஞராக இருந்த காலத்தில் வேற்றுமைக்கு ஆளானோருக்காக வாதிட்டவர். ஆதலின் அவர் இவ்வழக்கிலிருந்து விலக வேண்டும் என்று எதிர்த்தரப்பினர் கோரினர்.

அவர் விலக மறுத்தார். அவர் காட்டிய காரணம் எளியது, ஆயினும் மறுத்தற்கு அரியது. இனமோ பாலோ கடந்தகாலத் தொழிலோ ஒருவரை விலக்கப் போதுமான காரணமெனின், அந்நீதிமன்றத்தில் இவ்வழக்கைக் கேட்கத் தகுதியுடைய நீதிபதி ஒருவரும் இரார். ஏனெனில் ஒவ்வொரு நீதிபதியும் ஓர் இனத்தவர். ஆணோ பெண்ணோ ஆவார். பெரும்பாலோர் முன்னர் வழக்குரைஞர்களாக இருந்தவர்கள். பெண்ணுக்குப் பெண்பால் சார்பு உண்டெனின், ஆணுக்கு ஆண்பால் சார்பு இல்லை என்று எவ்வாறு கொள்வது? அவ்வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. அவர் எழுதிய மறுப்போ அந்நாட்டுச் சட்ட மாணவர்களால் இன்றும் படிக்கப்படுகின்றது.

இதற்கு ஓராண்டு முன்னர், 1974இல், பிலடெல்பியாவில் இத்தகைய கோரிக்கை நீதிபதி லியான் ஹிக்கின்பாதம் முன் வந்தது. அவரும் கறுப்பினத்தவர். கறுப்பின வரலாற்றறிஞர்களின் கழகம் ஒன்றில் உரையாற்றினார் என்பதே அவர்மீது கூறப்பட்ட குறை. அவரும் விலக மறுத்தார். தம் இனத்தாரிடையே பேசிய வெள்ளையின நீதிபதியை எவரும் கேட்காத கேள்வி தம்மிடம் மட்டும் ஏன் கேட்கப்படுகிறது என்பதே அவரது நீண்ட தீர்ப்பின் உட்பொருள்.

இவ்விரு தீர்ப்புகளிலிருந்தும் நாம் பெறும் தெளிவு இது. சிறுபான்மையோரிடமிருந்து வருபவருக்குச் சார்பு இருக்கும் என்று ஐயுறுபவர்கள், பெரும்பான்மையோரிடமிருந்து வருபவருக்குச் சார்பே இல்லை என்று தம்மை அறியாமலே கொள்கின்றனர். பெரும்பான்மையோரின் பழக்கம் பொதுவாகத் தோற்றுகின்றது. ஏனையோரின் பட்டறிவு தனிச் சார்பாகத் தோற்றுகின்றது. நடுவுநிலைமைக்கு நேரும் முதற் கேடு இத்தோற்றமே.

மறுப்போர் கூற்றும் மறுமொழியும்

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவதையும் நேர்மையோடு நோக்குதல் வேண்டும். 'பட்டறிவு ஒருவரது கண்ணைத் திறக்கும் என்பது உண்மையே. அதுவே ஒரு பக்கம் சாய்க்கவும் செய்யுமன்றோ? நெடுங்காலம் ஒரே பக்கம் நின்ற கால், இருக்கையில் அமர்ந்தபின் சாயாதிருக்குமா?' என்று அவர்கள் கேட்கின்றனர். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கது அன்று.

அதற்கு நாம் தரும் மறுமொழி மூன்று. முதலாவது, விசாரணை நீதிபதி தனித்து ஆள்பவர் அல்லர். வழக்குகள் குலுக்கல் முறையில் அவரிடம் வந்து சேர்கின்றன; அவர் விரும்பிய வழக்கை எடுத்துக்கொள்ள இயலாது. ஜூரிமார் அமரும் வழக்குகளில் நிகழ்ச்சியின் உண்மையை முடிவு செய்பவர்கள் அவர்களே. அவர் எழுதும் தீர்ப்புக்குக் காரணம் கூறியாக வேண்டும்; அக்காரணம் மேல்முறையீட்டில் சோதிக்கப்படும். மோட்லியின் தீர்ப்புகளும் அவ்வாறு சோதிக்கப்பட்டன. சிறையில் 372 நாள் தனிக் கொட்டடியில் அடைக்கப்பட்டிருந்த மார்ட்டின் சாஸ்ட்ரே என்பவர் தொடுத்த வழக்கில் 1970இல் அவர் கைதிக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்து, 13,020 டாலர் இழப்பீடும் வழங்கினார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1971இல் அத்தீர்ப்பின் ஒரு பகுதியை ஏற்றது. ஒரு பகுதியை நீக்கியது. இதனை அவருக்கு நேர்ந்த இழுக்கென நாம் கருதவில்லை. முறை செம்மையாக இயங்கியதற்குச் சான்றெனவே கருதுகின்றோம். சிறைக்கொட்டடியில் நடப்பதைக் காண ஒரு நீதிபதியின் கண் வேண்டியிருந்தது. அவர் கண்டதை அளந்து பார்க்க மேல்மன்றமும் வேண்டியிருந்தது.

இரண்டாவது, ஒரு பக்கம் நின்றவரே மறுபக்கத்தின் வலிமையை நன்கு அறிவார். எதிராளியின் வாதத்தை அவர் எழுப்புமுன்னரே தாம் சிந்தித்துப் பாராத வழக்குரைஞர் பத்தில் ஒன்பது வழக்கை வெல்ல இயலாது. மறுதரப்பைக் கேட்டறியும் பழக்கம் அத்தொழிலின் உயிராகும்.

மூன்றாவது, சட்டத்தின் சொல்லைக் கடந்து அவர் செல்லவில்லை. 1977ஆம் ஆண்டு உலகத் தொடர் அடிப்பந்தாட்டப் போட்டியின்போது, பெண் என்ற காரணத்தால் செய்தியாளர் ஒருவர் விளையாட்டு வீரர்களின் உடைமாற்றும் அறைக்குள் சென்று செவ்வி காண மறுக்கப்பட்டார். ஆண் செய்தியாளர்களுக்குத் தடையில்லை. வழக்கு மோட்லியிடம் வந்தது. அவர் முதலில் கேட்டது, இது தனியார் செயலா, அரசின் செயலா என்பதே. ஆடுகளம் நகராட்சிக்கு உரியது, குத்தகைக்கு விடப்பட்டது, ஆகவே அரசியலமைப்பின் சமத்துவ விதி அங்குப் பொருந்தும் என்று கண்டார். வீரர்களின் நாணத்தைக் காக்கத் திரையிடுதல் போன்ற எளிய வழிகள் இருக்க, பெண்களை முற்றிலும் விலக்குதல் தகாது என்று 1978இல் தீர்ப்பளித்தார். இதில் உணர்ச்சிப் பெருக்கு இல்லை. படிப்படியாகச் செல்லும் ஆராய்ச்சியே உள்ளது.

கீழ்மன்றத்தின் மேன்மை

மோட்லி 1982 முதல் 1986 வரை அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கினார். 1986இல் மூத்த நீதிபதி நிலையை ஏற்றார். அந்நாட்டில் இந்நிலையை ஏற்பவர் ஓய்வு பெற்றவராகார். வழக்குகளைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து பணியாற்றலாம். 2005 செப்டம்பர் 28ஆம் நாள் 84ஆம் வயதில் மறையும்வரை அவர் அந்நீதிமன்றத்தின் நீதிபதியாகவே இருந்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கோ உச்ச நீதிமன்றத்திற்கோ அவர் உயர்த்தப்படவில்லை. முப்பத்தொன்பது ஆண்டுகள் விசாரணை நீதிபதியாகவே வாழ்ந்து முடித்தார்.

இதனைக் குறையெனக் கூறுவாரும் உளர். அவருக்கு உரிய உயர்வு கிட்டாமை குறையே எனினும், விசாரணை மன்றத்தைத் தாழ்ந்த படியாக எண்ணுவதை நாம் ஏற்கவில்லை. மேல்மன்றங்கள் தாள்களைப் படிக்கின்றன. விசாரணை மன்றமோ மனிதரைப் பார்க்கின்றது. சாட்சியின் தடுமாற்றத்தையும், தாயின் கண்ணீரையும், குற்றவாளிக் கூண்டில் நிற்கும் இளைஞனின் முகத்தையும் காண்பவர் விசாரணை நீதிபதி ஒருவரே. பெரும்பாலான வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஏழைக்கு அதுவே முதல் மன்றம். பெரும்பாலும் அதுவே இறுதி மன்றமும் ஆகும்.

அவர் நடந்த தடத்தில் பின்னர்ப் பலர் நடந்தனர். அரசின் செலவில் ஏழைக் குற்றவாளிகளுக்காக வாதிடும் வழக்குரைஞராக 2005 முதல் 2007 வரை பணியாற்றிய கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன், 2013இல் மாவட்ட நீதிபதியாகி, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திற்கும், 2022இல் உச்ச நீதிமன்றத்திற்கும் உயர்ந்தார். தம் பெயர் முன்மொழியப்பட்ட நாளில், மோட்லி பிறந்த அதே செப்டம்பர் 14ஆம் நாளில் தாம் பிறந்ததை அவர் பெருமையோடு நினைவுகூர்ந்தார். 2021இல் ஜாஹித் குரைஷி நியூ ஜெர்சி மாவட்ட நீதிபதியாக 81க்கு 16 என்ற வாக்கு வேறுபாட்டில் ஒப்புதல் பெற்றார். வாழ்நாள் பதவியுடைய கூட்டாட்சி நீதிபதிகளுள் முதல் முஸ்லிம் இவரே. இராணுவத்தின் சட்டப் பிரிவிலும், அரசு வழக்குரைஞராகவும் பணியாற்றியவர். 2023இல் நுஸ்ரத் சௌத்ரி நியூயார்க் கிழக்குப் பகுதி மாவட்ட நீதிபதியானார். அப்பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் பெண் அவர். குடியுரிமை அமைப்பொன்றின் வழக்குரைஞராகப் பல்லாண்டு பணியாற்றிய அவருக்குக் கிடைத்த வாக்குகள் 50, எதிர்வாக்குகள் 49. அரசுத் தரப்பில் நின்றவருக்கு வாயில் அகலத் திறந்ததையும், அரசை எதிர்த்து நின்றவருக்கு ஒரே வாக்கில் திறந்ததையும் உற்றுநோக்குக. மோட்லியிடம் கேட்கப்பட்ட வினா இன்னும் ஓயவில்லை.

முடிபு

நம் கருத்தைத் தொகுத்துரைப்போம். நடுவுநிலைமை என்பது கடந்தகாலம் இல்லாமை அன்று. கடந்தகாலத்தை மறத்தலும் அன்று. இருதரப்பையும் முழுதாகக் கேட்கும் பொறுமை, சட்டத்தின் எல்லையைத் தாண்டாத அடக்கம், எழுதிய காரணத்தைப் பிறர் சோதிக்க விடும் துணிவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே அது. ஒரு நீதிபதியை நியமிப்போர் இம்மூன்றையும் ஆராய்தல் வேண்டும். அவர் எம்மக்களிடமிருந்து வந்தார், யாருக்காக நின்றார் என்பவற்றைத் தடைக்கற்களாக்குதல் கூடாது. ஒரே பாதையில் வந்தோர் மட்டுமே நிறைந்த மன்றம் ஒரே சாளரம் உடைய வீட்டைப் போன்றது. வெளிச்சம் வரும், ஆனால் ஒரு பக்கமிருந்தே வரும்.

நம் மாணவருள் சட்டம் பயில விழைவோர் உளர். தம் தெருவின் குறைகளுக்காகப் பேசினால் நாளைப் பொதுப் பதவிக்குத் தகுதி இழப்போமோ என்று அவர்கள் அஞ்சுகின்றனர். 'வாயை அடக்கிக்கொள், வாழ்வு சிறக்கும்' என்று அறிவுரை கூறும் பெரியோரும் உளர். டிக்ஸ்வெல் மன்றத்தில் அவ்விளம்பெண் வாயடக்கி இருந்திருப்பாராயின் பிளேக்ஸ்லியின் செவிக்கு எட்டியிருக்க மாட்டார். நியூயார்க் நீதிமன்றத்தின் தலைமை இருக்கைக்கும் வந்திருக்க மாட்டார். பேசுக, சான்றோடு பேசுக, மறுதரப்பைக் கேட்டுப் பேசுக. அவ்வாறு வாதாடப் பழகிய நாவே நாளைத் தீர்ப்பெழுதும் கைக்குத் துணையாக நிற்கும்.